பொட்டக்குளத்துக்குப் போன பைக்

திங்கட்கிழமை. முதல் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

ஆசிரியர் அறைக்குள் நுழைந்த அமுதவள்ளி, தன் நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மேசையில் இருந்த தன்னுடைய சாமான்களை யாரோ வாரி அலமாரி மேலே ஏற்றியிருந்தார்கள்.

"யாரும்மா நீங்க?"

"புதுக் கணக்கு டீச்சர். நீங்க?"

பதினோரு வருடமாக அந்தப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? அமுதவள்ளி, மகளுக்கு அம்மை போட்டு, அது இறங்குவதற்குள் தனக்கும் போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி இப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். முகத்தில் தழும்புகள் இன்னும் கறுத்துக் கிடந்தன.

அலுவலக உதவியாளர் மரியராஜ் உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு கவரை நீட்டினான். பணியிடை நீக்க உத்தரவு. குற்றச்சாட்டு இரண்டு. முதலாவது, முறையாக எழுதிக் கொடுக்காமல் விடுப்பில் இருந்தது. இரண்டாவது, விளக்கம் கேட்டு நிர்வாகம் வீட்டுக்கே கொடுத்தனுப்பிய நோட்டீஸை வாங்கிக் கிழித்து, கொண்டுவந்த கிளார்க்கின் முகத்தில் எறிந்தது.

"நோட்டீஸா? எங்க வீட்டுக்கு யாருமே வரலையே மரியராஜ்!"

மரியராஜ் வந்த வழியே திரும்பிப் போனான்.

அது அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இருக்கும் அரசு உதவி பெறும் பள்ளி. அப்படிப்பட்ட பள்ளியில் ஓர் ஆசிரியரை நினைத்த மாத்திரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. விசாரணை நடத்த வேண்டும், குற்றம் நிரூபணமாக வேண்டும், கல்வித் துறையும் சரி என்று சொல்ல வேண்டும். தாளாளர் சங்கையா சட்டத்துக்குப் பயந்தவர். அதனால் அருப்புக்கோட்டை நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கும் ராஜாத்தியை விசாரணை அதிகாரியாகப் போட்டார்.

இந்த மாதிரி விசாரணைகள் பெரும்பாலும் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்கள் இல்லை. முடிவை எழுதி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். ராஜாத்திக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஐம்பது வயது, பெருத்த உடம்பு, எப்போதும் எதையாவது கொறிக்கிற வாய். கொறிப்பதைப் பார்த்து இவள் கவனிக்கவில்லை என்று நினைத்தவர்கள் கோர்ட்டில் நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள்.

புதன்கிழமை காலை. தலைமையாசிரியர் அறை.

தலைமையாசிரியர் தங்கலட்சுமி முதலில் வந்தார்.

"அமுதவள்ளி லீவு கேட்டாங்களா?"

"போன்ல சொன்னா வக்கீலம்மா. அம்மை போட்ட வீட்டுல இருந்து லெட்டர் குடுத்தனுப்புன்னு நான் எப்படிக் கேக்க? அந்த ஒரு விஷயம்னா நானே பேசிச் சரிபண்ணியிருப்பேன். நோட்டீஸைக் கிழிச்சு எறிஞ்சான்னதும்தான் தாளாளர் கொதிச்சுப் போயிட்டாக."

"நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டது நீங்களா?"

"நான்தான். நல்லா ஞாபகம் இருக்கு. முந்தின நாள் ராத்திரி கோடை மழை பொளந்து கட்டிருச்சு. ஏழாம் வகுப்பு ஒழுகி, பிள்ளைகள வராண்டாவுல உக்கார வச்சிருந்தோம். அந்தக் களேபரத்துல போட்ட கையெழுத்து. மத்தியானம் பாண்டீஸ்வரன் மரியராஜையும் கூட்டிக்கிட்டு வண்டியில கெளம்புனாரு. அந்த ஒத்த மழையோட சரி. இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு இல்ல."

அடுத்து கிளார்க் பாண்டீஸ்வரன். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. கையில் ஒரு தூக்குச்சட்டி.

"அவிச்ச கடலை மேடம். எங்க காட்டுல வெளஞ்சது. நீங்க வாரீகன்னு காலையிலதான் அவிக்கச் சொன்னேன்."

ராஜாத்தி மறுக்கவில்லை. ஒரு கை அள்ளி மேசையில் வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள். நல்ல திரட்சியான கடலை.

"அமுதவள்ளி வீடு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன சித்திரையில புதுவீடு பால் காய்ச்சுனாங்க. ஸ்டாஃப் எல்லாரும் போயிருந்தோம்."

"நோட்டீஸ் குடுக்கப் போன அன்னைக்கு எப்படிப் போனீக?"

"என் பைக்குலதான். மரியராஜ் பின்னாடி உக்காந்திருந்தான். பொட்டக்குளம் விலக்குல தார் ரோட்ட விட்டுத் திரும்பி மண்ரோட்டுல போனோம். முந்தின நாள் மழையில மண்ணு நல்லா இறுகிக் கெடந்துச்சு. புழுதி இல்ல, ஒண்ணுமில்ல. வண்டி சல்லுன்னு போச்சு."

"எங்க நிறுத்துனீக?"

"அவுக வாசல்லயே, வேம்படியில. நெலையில வேப்பிலை சொருகியிருந்துச்சு. அதனால உள்ள போகல. கூப்பிட்டேன். நைட்டிக்கு மேல துண்டப் போட்டுக்கிட்டு வந்தாங்க. வாங்கி வாசிச்சாங்க. நாலாக் கிழிச்சு என் மூஞ்சியில விட்டெறிஞ்சாங்க."

"பக்கத்து வீட்டுல யாரும் பாக்கலையா?"

"அம்மை போட்ட வீட்டுப் பக்கம் யாரு மேடம் வந்து நிப்பா?"

நியாயமான பதில். ராஜாத்தி இன்னொரு கடலையை உரித்தாள்.

மரியராஜைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். பைக், வேம்படி, வேப்பிலை, நைட்டி, நாலு துண்டு. ஒன்றுகூடப் பிசகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாண்டீஸ்வரன்தான் இரண்டாம் முறை பேசுகிறாரோ என்று தோன்றும்.

"நீ இங்க எத்தனை வருஷமா இருக்க?"

"ஆறு வருஷம் மேடம். இன்னும் டெம்பரரிதான்."

புதுக் கணக்கு டீச்சர் சத்யபிரியா எதையும் மறைக்கவில்லை. "பாண்டீஸ்வரன் எங்க அக்கா வீட்டுக்காரர் மேடம். அத்தான்தான் எடம் காலியாகப் போகுதுன்னு சொன்னாரு. விருதுநகர்ல பாத்துக்கிட்டிருந்த வேலைய விட்டுட்டு வந்தேன்."

கடைசியாக அமுதவள்ளி. அவள் உட்காரவே இல்லை.

"அன்னைக்கு எனக்கு அம்மை முத்துப் போட்டிருந்த நேரம் மேடம். கண்ணத் திறக்க முடியல. எந்திரிச்சு வாசலுக்கு வந்து கிழிச்சு எறியிற தெம்பு எனக்கு ஏது? வீட்டுக்காரர் திருப்பூர்ல இருக்காரு. நானும் எம்மகளும்தான் கெடந்தோம். யாரும் வரல. ஆனா அவுக ரெண்டு பேரு, நான் ஒருத்தி."

இந்தச் சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது. அதைவிட, கிழித்தெறிந்தவள் என்று பேரெடுத்துவிட்டால் இந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடமும் அவளை வாசலில் சேர்க்காது. அது அவளுக்கும் தெரியும், ராஜாத்திக்கும் தெரியும்.

பாண்டீஸ்வரனுக்குக் காரணம் இருந்தது, வாஸ்தவம். மச்சினிச்சிக்கு வேலை. ஆனால் காரணம் இருக்கிறவன் எல்லாம் பொய் சொல்லியிருப்பான் என்று எழுதினால், மேலே இருக்கிறவர்கள் அந்த அறிக்கையைக் குப்பையில் போடுவார்கள். பொய் சொல்ல அமுதவள்ளிக்கும்தான் காரணம் இருக்கிறது.

வியாழக்கிழமை, வெயில் தாழ்ந்த பிறகு.

ராஜாத்தி ஸ்கூட்டரில் பொட்டக்குளம் போனாள். விலக்கில் தார் ரோடு முடிந்தது. அதற்கப்புறம் ஊருக்கு ஒரே ஒரு மண்பாதை. இரண்டு பக்கமும் பருத்திக் காடு. கறுத்த நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பாதை முழுக்க மாட்டுக் குளம்புத் தடமும் மனிதக் காலடியும் ஆழப் பதிந்து, அப்படியே காய்ந்து கல்லாகியிருந்தன. ஸ்கூட்டர் குதித்த குதியில் ராஜாத்தியின் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. பாதி வழியில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். குனிந்து ஒரு குழிக்குள் கைவிட்டுப் பார்த்தாள். கணுக்கால் ஆழம் இருந்தது. மீதி தூரத்தை அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி நடந்தாள்.

அமுதவள்ளியின் பக்கத்து வீட்டுக்காரி முத்துப்பேச்சி காய்ந்த பருத்திமாரை விறகுக்கு ஒடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மழைக்கு மறுநாள் டீச்சர் வீட்டுக்கு யாரும் வந்தாகளா?"

"நான் பாக்கல. அந்த வாசப்பக்கம் நாங்க போகல, ஆத்தா வந்து எறங்கியிருக்கா. நான் பாக்கலேங்கறதுக்காக வரலேன்னு சத்தியம் பண்ண முடியுமா வக்கீலம்மா?"

"பண்ண வேணாம்" என்றாள் ராஜாத்தி. அவளுக்குத் தேவையானது பாதையிலேயே கிடைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை.

தலைமையாசிரியர் அறையில் எல்லோரும் இருந்தார்கள். தாளாளர் சங்கையா பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்கோபக்காரர் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"பாண்டீஸ்வரன், ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு வழியில எங்கயும் எறங்கி நடந்தீகளா?"

"இல்ல மேடம். அன்னைக்கே சொன்னேனே. வாசல் வரைக்கும் வண்டிதான்."

"நீயும் அப்படித்தான சொன்ன மரியராஜ்?"

"ஆமா மேடம்."

ராஜாத்தி தாளாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், நோட்டீஸ் வீட்டுக்குப் போகவே இல்ல. அமுதவள்ளி எதையும் கிழிக்கல. பொய் சொல்றது பாண்டீஸ்வரன்."

"எத வச்சுச் சொல்றீக?" சங்கையா நிமிர்ந்தார்.

"இவரு குடுத்த கடலைய வச்சுத்தான் முதல்ல சந்தேகம் வந்துச்சு. ரொம்ப நல்ல கடலை சார். அப்படி வெளையுறது செவக்காட்டுல, செம்மண்ணுல. செவல்ல மழை பெஞ்சா என்ன ஆகும்? தண்ணியக் குடிச்சிட்டு மண்ணு இறுகிரும். புழுதி அடங்கிரும். மறுநாள் வண்டி சல்லுன்னுதான் போகும். பொறந்ததுல இருந்து இவரு பாத்தது அதத்தான். நம்புறாப்புல இருக்கட்டும்னு அதையும் சேத்துச் சொல்லிட்டாரு."

பாண்டீஸ்வரனின் கை சட்டைப் பித்தானைத் தடவியது.

"பொட்டக்குளம் கரிசல், கறுப்பு மண்ணு. போன சித்திரையில இவரு போனப்ப காஞ்சு கெடந்திருக்கும், வண்டி போயிருக்கும். மழைக்கு மறுநாள் அங்க பைக்க எறக்கிப் பாருங்க. பத்தடி போறதுக்குள்ள மட்கார்டுக்குள்ள மண்ணு அப்பி, சக்கரம் சுத்தாது. குச்சிய வச்சு நோண்டி எடுக்கணும். ஊர்க்காரங்க தார் ரோட்டுலயே வண்டிய நிறுத்திட்டு, செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு நடந்துதான் போவாக."

"வண்டி கஷ்டப்பட்டுத்தான் போச்சு, நான்தான்..." என்று ஆரம்பித்தார் பாண்டீஸ்வரன்.

"இப்ப மாத்திச் சொல்லாதீக. சரி, கஷ்டப்பட்டே போச்சுன்னு வைப்போம். தடம் எங்க?"

பாண்டீஸ்வரன் மரியராஜைப் பார்த்தார்.

"அந்த ஒத்த மழைக்கப்புறம் ஒரு சொட்டு விழலைன்னு தலைமையாசிரியர் சொன்னாக. ஈரத்துல என்னென்ன போச்சோ அத்தனையும் அந்தப் பாதையில அப்படியே காஞ்சு கெடக்கு. மாடு போயிருக்கு, ஆடு போயிருக்கு, மனுசன் போயிருக்கான். காஞ்ச பெறகு போன வண்டி மேலோட்டமா நசுக்கிட்டுத்தான் போயிருக்கு. ஈரத்துல அழுந்துன டயர்த் தடம் ஒண்ணுகூட இல்ல. விலக்குல இருந்து ஊர் வரைக்கும் பாத்துட்டேன். வேற பாதையும் கெடையாது. வேப்பிலையும் நைட்டியும் அம்மை போட்ட எந்த வீட்டுக்கும் பொருந்தும், போகாமலே சொல்லலாம். போகாதவருக்குத் தெரியாதது அந்த மண்ணு மட்டும்தான்."

மரியராஜ் முன்னால் வந்தான்.

"நாங்க போகவே இல்ல சார். நேரா பாண்டீஸ்வரன் சார் வீட்டுக்குத்தான் போனோம். அங்க வச்சுத்தான் கிழிச்சாரு. இப்படி இப்படிச் சொல்லு, உன்ன பெர்மனன்ட் பண்ணித் தாரேன்னாரு." அவன் அமுதவள்ளியைப் பார்த்தான். "டீச்சர், எனக்கு வேற தெரியல டீச்சர்."

சத்யபிரியா எழுந்தாள். "இதுக்காகவா அத்தான் என்னைய வேலைய விட வச்சீக?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனாள். அவளுக்காக வருத்தப்பட அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவம்தான் அந்தப் பெண்.

சங்கையா மேசையை ஓங்கி அடித்தார். "அமுதவள்ளியோட பணியிடை நீக்க உத்தரவு இந்த நிமிசமே ரத்து. ஏலே பாண்டீஸ்வரா, நீ வெளிய போடா! இந்தக் கேட்டுக்குள்ள உன் காலு இனிமே படக்கூடாது. உன் கணக்கு இன்னையோட முடிஞ்சது!"

பாண்டீஸ்வரன் எழுந்தார். கதவுப் பக்கம் இரண்டடி வைத்தார்.

"சார், நில்லுங்க."

சொன்னது அமுதவள்ளி. அவளுக்கு ஆத்திரம் அடங்கியிருக்கவில்லை. பாண்டீஸ்வரனை ஓங்கி அறைய வேண்டும் போலத்தான் இருந்தது அவளுக்கு.

"இப்படி அனுப்பாதீங்க சார். அவரு மேல என்ன குத்தம்னு எழுதுங்க. பதில் சொல்ல நாள் குடுங்க. வக்கீலம்மா மாதிரி ஒருத்தர வச்சு விசாரிங்க. அப்புறம் அனுப்புங்க."

"உன் வாழ்க்கையையே முடிக்கப் பாத்திருக்கான். அவனுக்குப் போயி பேசுறியாம்மா?"

"அவருக்காகப் பேசல சார். என் நாற்காலியில வேற ஆளு உக்காந்திருந்துச்சு. எதுக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை யாரும் கேக்கல. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

சங்கையா மேசையிலிருந்து கையை எடுத்தார். பிறகு தங்கலட்சுமியிடம், "எழுதுங்கம்மா" என்றார்.

"மரியராஜுக்கு?" என்று கேட்டார் தங்கலட்சுமி.

"அவனுக்கும்தான்" என்றாள் ராஜாத்தி, சங்கையாவைப் பார்த்து. "பொய் சொன்னதுக்குப் பதில் சொல்லட்டும். ஆறு வருஷமா டெம்பரரியா வச்சிருக்கீகளே, அதுக்கு நீங்க பதில் சொல்லுங்க."

தட்டச்சு முடியும்வரை யாரும் அறையை விட்டுப் போகவில்லை. தங்கலட்சுமி குற்றச்சாட்டு நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பாண்டீஸ்வரன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் அதை வாசித்து முடித்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அமுதவள்ளி நின்று பார்த்தாள். அதற்குப் பிறகுதான் வகுப்புக்குப் போனாள்.