அம்மாவுக்கு ‘ழ’ வராது

கொசுவின் அம்மாவுக்கு ‘ழ’ மட்டும் வராது. பள்ளிப் பேருந்தை எவ்வளவு குறுகலான சந்திலும் வளைத்துத் திருப்பிவிடுவார். நாக்கைத்தான் வளைக்கத் தெரியாது.

“மலை வருது, குடையை எடுத்துக்கோ!”

“மலை எப்படிம்மா வரும்? அதுக்குக் கால் இருக்கா? மழை!”

“ஆமாடி கொசு, அதைத்தான் நானும் சொல்றேன். மலை.”

கொசு என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். எந்நேரமும் காதருகே ‘ழ, ழ’ என்று ரீங்காரம் போட்டால் வேறு என்ன பெயர் வைப்பதாம்? நாளடைவில் அம்மா ‘ல’ என்றாலே போதும், கொசுவின் காது அதை ‘ழ’ ஆக்கித்தான் உள்ளே அனுப்பும். வம்பு அங்கேதான் வந்தது.

கொஞ்ச நாளாக அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது மாடியில் இருக்கும் வீட்டுக்கு ஏறிவருவதற்குள் இரண்டு தடவை படியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு சனிக்கிழமை மருத்துவமனையிலிருந்து வந்தவர், சமையலறையில் அப்பாவிடம் மெதுவாகப் பேசினார். கதவுக்கு இந்தப் பக்கம் கொசு.

“வால்வு ரொம்பச் சுருங்கிப்போச்சாம். இனிமே தாங்காதாம். புதுசு மாத்தணுமாம், அடுத்த வாரமே.”

காது வழக்கம்போல் திருத்தியது. வாழ்வு! அம்மா தன் வாழ்வையே மாற்றப் போகிறார்! அந்தச் சொல்லில் நிஜமாகவே ‘ல்’தான் என்பது, பாவம், கொசுவுக்குத் தெரியாது.

அன்று மதியம் சன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி படுத்திருந்த கொசு, திரைக்குள் நுழைந்து ஒரு கடைக்குப் போய்விட்டாள். அங்கே துணிகளுக்குப் பதிலாக வாழ்வுகள் தொங்கின. ஒன்றில் கடல் வாசனை அடித்தது. இன்னொன்றைத் தொட்டால் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். அம்மா ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பார்த்தார்.

“இது சுருங்காதே?” என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, வெளிர்நீலத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டார். அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. அதன் பையிலிருந்து இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். தலையைப் படியச் சீவியிருந்தார்கள். சட்டையில் ஒரு பொட்டு மைக்கறை இல்லை.

“அம்மா!” என்றாள் கொசு.

அம்மா திரும்பினார். “யாரு பாப்பா நீ? மழை வருது, வீட்டுக்குப் போ.”

மழை! சுத்தமான ‘ழ’!  கொசு விழித்ததும் நேரே போய், மருத்துவமனை ஃபைலை எடுத்துத் தன் தலையணை உறைக்குள் திணித்தாள். காகிதமே இல்லாமல் எப்படி மாற்றுவார்களாம், பார்த்துவிடலாம்!

திங்கட்கிழமை ஃபைலைத் தேடி வீடே தலைகீழானது. அப்பா ஃபிரிட்ஜைக்கூட விடவில்லை.

“ஏங்க, ஃபைல் கெட்டுப்போயிடும்னு அதுக்குள்ளயா வெப்பேன்?” என்று அம்மா சிரித்தார். பாதிச் சிரிப்பிலேயே மூச்சிரைத்தது. சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது.

கொசுவுக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய்த் தலையணையைத் தூக்கிவந்து அம்மா மடியில் வைத்தாள்.

“நான்தாம்மா ஒளிச்சு வெச்சேன். நீ புது வாழ்வே எடுத்துக்கோ. உனக்கு மூச்சு வந்தா போதும். அந்தப் பிள்ளைங்களையும் வெச்சுக்கோ. ஆனா… எப்பவாவது என்னையும் வந்து பாரும்மா.”

“எந்தப் பிள்ளைங்க?”

அழுகையும் விக்கலுமாகக் கடைக் கதை முழுவதும் வெளியே வந்தது. சிரிப்பை மறைக்க அப்பா மறுபடி ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

“அடிப் பைத்தியமே! வால்வு இல்லடி, வால்வு!” என்றார் அம்மா.

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“இல்ல கொசு,” என்று ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. “இது நிஜமான ‘ல்’.”

அம்மா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். “நம்ம பஸ்ஸுக்குக் கதவு இருக்குல்ல? இதயத்துலயும் அப்படிச் சின்னக் கதவுங்க இருக்கு. அதுக்குப் பேருதான் வால்வு. ரத்தம் வந்தா திறக்கும். போனதும் மூடிக்கும், திரும்பி வர விடாது. என்னோடது ஒண்ணு இறுகிப்போய்ப் பாதிதான் திறக்குது. பாதிக் கதவுல பஸ்ஸே காலியாகணும்னா?”

“முண்டியடிப்பாங்க.”

“அதான் எனக்கு மூச்சு வாங்குது. டாக்டர் அந்தக் கதவை எடுத்துட்டுப் புதுசு வெப்பாரு.”

“கதவை மட்டும்தானே? டிரைவரை மாத்த மாட்டாங்களே?”

“டிரைவர் அதே ஆளுதான்டி.”

“உனக்குப் பயமா இருக்காம்மா?”

“கொஞ்சம் இருக்கு.”

கொசு அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள் அவளை உள்ளே விட்டார்கள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். இங்கேயும் சன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது. அதைப் பார்த்ததும் கொசுவுக்குப் பழைய பயம் எட்டிப் பார்த்தது. தையல் இருக்கிறது, தொடக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், தொடாமல் குனிந்து அம்மாவின் நெஞ்சருகே காதைக் கொடுத்தாள்.

டிக்… டிக்… டிக்…

புதுக் கதவு!

அம்மா கண்ணைத் திறந்தார். அவளையே பார்த்தார். கொசு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“கொசு… பசிக்குதுடி. வாலப்பலம் இருக்கா?”

திருத்துவதற்காகக் கொசுவின் வாய் தானாகத் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டது. கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

“இருக்கும்மா,” என்றாள். “வாலப்பலம் இருக்கு.”