பீரோவில் பூட்டிய போன்

மதியம் மூன்று மணிக்கு அவருடைய வலது தொடையில் போன் அதிர்ந்தது. கை தானாகப் பேன்ட் பையைத் தேடித் துழாவியது. கட்டியிருந்தது வேட்டி, பையே இல்லை. அணைத்து வைத்த போன் படுக்கையறைப் பீரோவில் இருந்தது, பீரோ சாவி மனைவியிடம் இருந்தது.

இது நான்காவது ஞாயிறு. இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களின் கூப்பாட்டைச் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் கேட்டுக் கேட்டு, போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். வாரத்தில் ஒரு நாளாவது போனைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். கம்பெனியும் தாராளமாகத் தலையாட்டி, ஞாயிறு வேலையை அவருடைய மைத்துனனிடம் கொடுத்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கம்பெனி. "இதையும் மீறினீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி சொன்னதில்தான் கொஞ்சமாவது அக்கறை இருந்தது.

"போன் அடிக்குது."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "எங்க?"

"தொடையில."

"டாக்டர்தான் சொன்னாரே, போன் இல்லேன்னாலும் அடிக்கிற மாதிரியே இருக்கும்னு. பழக்கதோஷம். பேசாம படுங்க."

படுத்தார். மின்விசிறியின் கிறீச்சொலியும், பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தமும், காயாத துணியின் முடைநாற்றமும், திரைச்சீலை ஆடும்போதெல்லாம் சுவரில் நீண்டு சுருங்கும் நிழலுமாக அறை அவர்மேல் கவிந்து கிடக்க, அந்த அதிர்வு மறுபடியும் வந்தது. ஒரு முழு அழைப்பின் நேரத்துக்கு அடித்து, நின்று, மூச்சு விடும் அவகாசம் கொடுத்து, மறுபடியும் அடித்தது.

அவருக்கு அது தெரியும். லிஃப்டுக்குள் மாட்டியவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதலில் எரிச்சலோடு, இடைவெளி விட்டு. அப்புறம் பயத்தோடு, விடாமல். கடைசியில் பாதியிலேயே கை ஓய்ந்துவிடும். மூன்றரைக்குள் தொடை விடாமல் அடிக்கத் தொடங்கியது.

"யாரோ மாட்டியிருக்காங்க. சாவியைக் குடு."

"என் தம்பி எதுக்கு இருக்கான்?"

"அவன் எடுக்கலேன்னா?"

"நான் எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன், அப்பல்லாம் நீங்க எடுத்தீங்களா?"

எழுந்து வந்து சாவிக்குக் கை நீட்டினார். அவமானமாக இருந்தது. தொடை அடித்துக்கொண்டே இருந்தது. நாலு மணிக்கு அடி பலவீனமானது. பாதியில் நின்றது. மீண்டும் பாதி. அவர் கை நீட்டி நின்ற கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல் மனைவி சாவியை அவர் காலடியில் எறிந்தாள்.

"எடுத்துக்கோங்க. நான் பையை அடுக்குறேன்."

பீரோவைத் திறந்தார். போனை உயிர்ப்பித்தார். தவறிய அழைப்பு ஒன்றுகூட இல்லை. மைத்துனனைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு ஒருத்தர்கூட மாட்டல மாமா. எல்லா லிஃப்டும் ஓடுது. அக்காவுக்குத் தெரியாம போனை எடுத்துட்டீங்களா?" அவன் சிரித்தான்.

வைத்துவிட்டார். இதற்காகவா அவளை இழப்பது? பக்கத்து அறையில் பையின் ஜிப் ஓடியது. கூப்பிட வாயெடுத்தார்.

தொடையில் தட்டு.

அதிர்வு அல்ல. தட்டு. இரும்புக் கதவை உள்ளங்கையால் அறைவதுபோல. ஒன்று. இரண்டு.

வேட்டியை விலக்கினார். தோல் மேடு தட்டியது. தணிந்தது. நான்கு சிறு புடைப்புகள், வரிசையாக. எதிரே இன்னும் நான்கு. நடுவில் ஒரு கோடு. காலையில் குளிக்கும்போது இல்லாத கோடு. முழங்காலிலிருந்து இடுப்புவரை, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

"பதறாதீங்க." வாய் தானாகச் சொன்னது. எல்லோரிடமும் சொல்வதுதான். "கதவை நீங்களா திறக்காதீங்க. நான் வந்துட்டேன்."

வலி இல்லை. ரத்தமும் இல்லை.

பையோடு அறை வாசலில் வந்து நின்ற மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு தொடையைப் பார்த்தாள். பை கீழே விழுந்தது.

கோடு பிரிந்தது. உள்ளே இருட்டு. அடி தெரியாத இருட்டு. அதன் இரண்டு ஓரங்களையும் பிடித்து அகட்டின, நகம் பெயர்ந்த எட்டு விரல்கள். அவற்றுக்குக் கீழே இன்னும் எட்டு. அதற்கும் கீழே, வெளியேற முட்டி மோதியபடி, எண்ண முடியாத கைகள்.