அழுங்காமைக் கறி

காகம் ஈரல் துண்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரை முகட்டில் வைத்து ஒரு கொத்துக் கொத்தியது. அவ்வளவுதான். பிறகு அலகைக் கிடுகில் இப்படியும் அப்படியும் தேய்த்துத் துடைத்தது. அதன்பின் ஈரலைத் திரும்பியும் பாராமல் பறந்துவிட்டது. மீன் செதிலுக்கே அடிபிடி படுகிற உச்சமுனைக் கரைக் காகம்! றோசலினுக்கு அது சரியாகப் படவில்லை.

ஆமை வெட்டினால் முதலில் ஈரலில் ஒரு துண்டைக் காகத்துக்கு எறிவார்கள். காகம் தின்றால் மனிதரும் தின்னலாம். தொடாமல் விட்டால் அவ்வளவு இறைச்சியையும் மணலில் குழி தோண்டித் தாட்டுவிட வேண்டும். அந்தக் கரையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வழக்கம் அது.

"இஞ்சருங்கோ, காகம் திங்கேல்லையப்பா."

"அது கொண்டுபோனதை நான் கண்டனான்தானே. பேசாமத் தேங்காயைத் திருவு," என்றான் அவளுடைய புருஷன் பஸ்தியான்.

சோளகக் காற்றில் கடல் கொந்தளித்து, தொழிலுக்குப் போகாமல் இருந்த வீடு அது. கரையோரம் கட்டியிருந்த வலையில் தானாக வந்து மாட்டிய அழுங்காமையை விட்டுவிட அவனுக்கு மனம் வரவில்லை. இறைச்சியைக் கண்டவனுக்குக் காகமாவது கத்தரிக்காயாவது! அயலில் இருந்தவர்கள் எல்லாரும் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போய்விட்டார்கள். கைக்குழந்தை இருந்ததால் இவர்கள் மட்டும் நின்றுவிட்டார்கள்.

சட்டியில் மஞ்சள் கொழுப்பு தடித்து மிதந்தது. றோசலின் அதை அகப்பையால் ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"பிள்ளைக்குப் பால் குடுக்கிறவள், நல்லாச் சாப்பிடு," என்று பஸ்தியான் அவள் சோற்றுக் கோப்பையில் இன்னும் இரண்டு துண்டு அள்ளிப்போட்டான். அவள் சாப்பிட்டாள்.

விடியும்போது, பச்சைச் சுண்ணாம்பைத் தேய்த்துவிட்டதுபோலத் தொண்டை எரிந்தது. இருவரும் மாறிமாறி முற்றத்தில் சத்தி எடுத்தார்கள். பொழுது ஏறியதும் அவள் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தாள். வெள்ளையாக, பாலாடைபோல ஏதோ படர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். உரிந்த இடத்தில் குண்டூசித் தலையளவு மஞ்சள் கொப்புளங்கள் நெருக்கமாகக் கிடந்தன. சீ! அதைவிட மோசம் நாற்றம். வெயிலில் மறந்துவிட்ட இறால் தலைகளின் அழுகிய வீச்சம், வாசலிலிருந்து அல்ல, அவளுடைய வாய்க்குள்ளிருந்தே வந்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. நூலாக வடிந்ததை ஒரு தகரப் பேணியில் துப்பிக்கொண்டேயிருந்தாள். தன் வாயைத் தானே கழற்றி எறிந்துவிடலாம் போல அருவருப்பாக இருந்தது.

"கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போவம். எனக்குப் பயமாக் கிடக்கு," என்றாள்.

"என்ன திண்டனீங்கள் எண்டு கேப்பினமே! ஆமை எண்டா பொலிசில பிடிச்சு உள்ள தூக்கிப் போட்டிடுவாங்கள். ரெண்டு நாளில மாறும்." சொல்லும்போதே அவன் கடைவாயால் வடிந்தது. பிறகு போய்ப் படுத்துக்கொண்டான்.

அவளுக்கு மகன் அனுசனை நினைத்துத்தான் பயம். பிறந்து மூன்று மாதம், பல்லில்லாத வாய். மிச்சக் கறியை வேலிக்கு அப்பால் தாட்டாள். கையைச் சவர்க்காரம் போட்டுத் தோல் உரியுமளவு தேய்த்தாள். முத்தம்கூடக் கொடுக்கவில்லை. அவன் சிணுங்கிய போதெல்லாம் மாரைக் கழுவித் துடைத்துப் பால் கொடுத்தாள். நல்ல காலம், பால் குறையவில்லை. தாராளமாகச் சுரந்தது.

"என்ர ராசாவின்ர வாயில அது ஒண்டும் படேல்லை, என்ன?"

போகப்போக அவன் அழவேயில்லை. குடித்தான், தூங்கினான். குடித்தான், தூங்கினான். இந்தத் துன்பத்துக்குள்ளும் எவ்வளவு நல்ல பிள்ளை என்று அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

மறுநாள் மத்தியானம் பஸ்தியானை எழுப்பப் போனாள். உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். திறந்த வாய் திறந்தபடி கிடந்தது. வெண்சேறு படிந்த நாக்கில் ஈக்கள் இறங்கி, நடந்து, உள்ளே போயின. அவன் வாயை மூடவில்லை. மூச்சு மட்டும் கொறகொறவென்று போய்வந்தது.

ஆரையாவது கூப்பிட வேண்டும். ஆனால் கால் பஞ்சாக இருந்தது. கண்ணிமை தானாக இறங்கியது. கொஞ்சம் படுத்தால் தெம்பு வரும் என்று நினைத்தாள். பிள்ளையை அணைத்துப் பாயில் சரிந்து, சட்டையை விலக்கி மாரில் போட்டாள். காற்று கிடுகை உரசிக்கொண்டிருந்தது.

நாற்றம் வந்தது. தன் வாய்தான் என்று உதட்டை இறுக மூடினாள். அப்போதும் வந்தது. மூக்குக்கு நேர் கீழே, சூடாக.

பிள்ளை கொட்டாவி விட்டான்.

நாக்கு வெள்ளையாக இருந்தது. பால்தான், பாலாடைதான் என்று சேலைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். கொஞ்சம் உரிந்தது. அடியில் மஞ்சள் புள்ளிகள்.

ஐயோ.

ஒரு பருக்கை தின்னாத பிள்ளை. தண்ணீர்கூடத் தொடாத வாய். அதற்குள் போனது ஒன்றே ஒன்றுதான்.

"மாதாவே!"

துடைத்த கை பாயில் விழுந்தது. தூக்கப் பார்த்தாள். வரவில்லை. பிள்ளையைத் தள்ளிவிட வேண்டும். ஒரு சாண் போதும். தோளை அசைத்தாள். அசையவில்லை. பஸ்தியான் என்று கத்தினாள். வீங்கிய தொண்டையிலிருந்து எச்சில்தான் வழிந்தது.

அனுசன் கண்ணைத் திறக்கவில்லை. வாயை மட்டும் திறந்தான். தேடினான். வேண்டாம், ராசா. கன்னம் உரசியது. வேண்டாம். முலைக்காம்பை ஈறுகளால் கவ்விக்கொண்டான்.

மார் பொங்கிச் சுரந்தது.

இமைகள் மூடிவிட்டன. ஒரு மிடறு. இன்னொரு மிடறு. அவன் விழுங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது.