பச்சை பெயிண்ட் அடித்த வாள்

அமானுல்லா மாமா பொய் சொல்லவே மாட்டார். அது செடெனாக் ஊர் முழுக்கத் தெரியும். பாதியை மட்டும்தான் சொல்வார். அது அவரிடம் பொருள் வாங்கியவர்களுக்கு மட்டும் தெரியும்.

அந்த மாமாவிடம்தான் சமீராவின் அத்தா சைஃபுல்லா ஒரு பேண்ட்சா வாங்கக் கிளம்பினார்.

பேண்ட்சா என்றால் மரம் அறுக்கும் இயந்திரம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி, நாடா போல மெல்லிய வாள் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் உள்ள மேசையில் பலகையை வைத்து மெல்லத் திருப்பினால் பூவிதழ் மாதிரி வளைவாக வெட்டலாம்.

அத்தாவுக்கு பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓய்வு நாளில் வீட்டு முன்கூடத்தில் தச்சு வேலை. குர்ஆனை வைத்து ஓதும் மடக்குப் பலகைக்கு ரெஹால் என்று பெயர். நோன்பு மாதத்துக்குள் மதரஸா பிள்ளைகளுக்கு ரெஹால் செய்து தருகிறேன் என்று அத்தா வாக்குக் கொடுத்திருந்தார். அதன் வளைந்த கால்களை வெட்டத்தான் இந்த இயந்திரம்.

கிளம்பும் நேரத்தில் அம்மா ஜெய்னம்பு சமீராவைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"உங்க அத்தாவுக்கு மெஷினைப் பத்தி எல்லாம் தெரியும். ஆனா எங்கண்ணன் ஒரு டீயை ஊத்தி, 'மச்சான்'னு ஒரு தடவை கூப்பிட்டா போதும், தலையாட்டிடுவார். நீ கூடவே இரு."

"நான் இருந்து என்னம்மா செய்யறது?"

"கண்ணைத் திறந்து வெச்சுக்க. ஆனா ஒண்ணு, மாமாவை நாலு பேர் முன்னால மட்டம் தட்டிடாத. பெருநாளைக்கு நான் அவங்க வீட்டுக்குப் போகணும்."

இந்த இரண்டு கட்டளையும் ஒன்றோடொன்று சண்டை போடப்போகிறது என்று சமீராவுக்கு அப்போது தெரியாது.

வேனில் போகும்போது அவள் கேட்டாள். "அத்தா, நல்ல பேண்ட்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"சட்டம் கனமா இருக்கணும். ஓடும்போது நடுங்கக் கூடாது. அம்பது சென் காசை மேசை மேல நிக்க வெச்சு ஓட்டிப் பார்க்கணும். காசு விழலன்னா நல்ல மெஷின்."

"அவ்வளவுதானா?"

"முக்கியமானது இன்னும் இருக்கு. மேசை அசையவே கூடாது. பலகையைத் தள்ளுறப்போ மேசையும் சேர்ந்து நழுவுச்சுன்னு வை, மரத்தோட விரலும் வாளுக்குள்ள போயிடும்."

சமீரா தன் விரல்களை மடக்கிக்கொண்டாள். அவள் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் பென்சிலால் ரெஹால் கால் வரைந்த பலகைத் துண்டு ஒன்று இருந்தது.

"அதை வெட்டிப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன். மாமாவா இருந்தா என்ன?" என்றார் அத்தா வீரமாக.

அந்த வீரம் செடெனாக் வரை தாங்கியது. மாமாவின் சாப்பாட்டுக் கடை வாசலில் இறங்கிக் காணாமல் போனது.

"வாங்க மச்சான், வாங்க! அடடா, சமீரா எப்படி வளர்ந்துட்டா! டேய், ரெண்டு டீ, ஒரு மைலோ ஐஸ், முட்டை ரொட்டி ரெண்டு!"

ரொட்டி வந்தது. டீ வந்தது. சாப்பிடச் சாப்பிட அத்தாவின் முகம் இளகிக்கொண்டே போவதைச் சமீரா பார்த்தாள்.

கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே நின்றது பேண்ட்சா. மினுமினுவென்று பச்சை பெயிண்ட். அதற்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார்.

"இவர் டாக்டர் தேவானந்தன். கூலாய்ல பல் டாக்டர். ஓய்வுல மர வேலை செய்வார். இவரும் இதே மெஷினைத்தான் பார்க்க வந்திருக்கார், மச்சான்" என்றார் மாமா, ஏதோ சாதாரணமாகச் சொல்வது போல.

"அவங்க முதல்ல பார்க்கட்டும். அவங்க வேணாம்னா நான் எடுத்துக்கிறேன்" என்றார் டாக்டர்.

அத்தாவுக்கு வியர்த்தது. "மச்சான்... ஒரு பலகையை வெட்டிப் பார்த்துட்டு..."

"என்ன மச்சான், என் மேலயே சந்தேகமா?" மாமா நெஞ்சில் கை வைத்தார். "கனத்தைப் பாருங்க! நாலு ஆள் தூக்கினாத்தான் அசையும். காசு வெச்சுப் பார்ப்பாங்களாமே, அதையும் பார்த்துடுவோம்!"

ஐம்பது சென் காசை மேசையில் செங்குத்தாக நிறுத்தினார். பொத்தானை அமுக்கினார். சக்கரங்கள் 'விர்ர்' என்று சுழன்றன. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

காசு நின்றது. ஆடவில்லை, அசையவில்லை.

"எப்படி!" என்றார் மாமா, இயந்திரத்தை நிறுத்திவிட்டு. அத்தாவின் கண்கள் விரிந்தன. டாக்டர்கூடக் கை தட்டினார்.

அந்த நேரத்தில் ஒரு மஞ்சள் பூனை கொட்டகைக்குள் வந்தது. நேராக இயந்திரத்திடம் போனது. கீழ்ச் சக்கரத்தை மூடியிருந்த கதவின் இடுக்கை நக்கத் தொடங்கியது.

"சூ! போ!" என்று மாமா காலால் தரையைத் தட்டினார். கொஞ்சம் அவசரமாகவே தட்டினார்.

மரம் அறுக்கும் இயந்திரத்தில் பூனைக்கு என்ன வேலை?

சமீரா மேசையில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினாள். அசையவில்லை. கொஞ்சம் அழுத்தித் தள்ளினாள். 'டக்'. மேசை விரல் அகலம் நழுவி நின்றது. குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பிகள். அவற்றின் மேல், மேசையை நழுவாமல் பிடிக்கப் புத்தம்புதிய திருகாணிகள் இரண்டு.

சந்தைக் கறிக்கடையில் இதே போன்ற ஓர் இயந்திரத்தை அவள் பார்த்திருக்கிறாள். நழுவும் தட்டில் ஆட்டுக்காலை வைத்து, தட்டோடு வாளை நோக்கித் தள்ளுவார்கள். எலும்பு துண்டு துண்டாக விழும்.

இது மரம் அறுக்கும் இயந்திரமே இல்லை!

காசு மேசையைத் தள்ளாது. மரம் தள்ளும். அப்போது அத்தாவின் விரல்கள்?

"அத்தா..." என்றாள். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். கடைப் பையன்களும் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"அப்புறம் என்ன? கையைக் குடுங்க மச்சான்!" மாமா வலது கையை நீட்டினார்.

சமீராவுக்குப் பகீரென்றது. இந்த வியாபாரிகள் சலாம் சொல்லிக் கை சேர்த்துவிட்டால், சேர்த்ததுதான். அதற்குப் பிறகு பின்வாங்கியவனை ஒருவரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள்.

அத்தாவின் கை மேலே எழுந்தது.

சமீரா பைக்குள் கையை விட்டாள். பலகைத் துண்டை உருவினாள். இரண்டு கைகளும் சேர்வதற்குள், அதை மாமாவின் கையில் வைத்துவிட்டாள்.

"மாமா, மதரஸாவுக்குச் செய்யற முதல் ரெஹால் கால் இது. உங்க கையால வெட்டினா அல்லாஹ்வோட பரக்கத்து கிடைக்கும். நீங்களே வெட்டுங்க மாமா!"

"நானா?" என்றார் மாமா.

"நல்ல யோசனை!" என்றார் டாக்டர்.

மாமா பலகையைப் பார்த்தார். வாளைப் பார்த்தார். பிறகு தன் பத்து விரல்களையும் பார்த்தார். அவை திடீரென்று அவருக்கு மிகவும் அழகாகத் தெரிந்தன.

ஆனால் கடைப் பையன்கள் பார்க்கிறார்களே! மாமா தொண்டையைச் செருமினார். பொத்தானை அமுக்கினார். 'விர்ர்...'

இதைச் சமீரா எதிர்பார்க்கவில்லை. மாட்டேன் என்பார் என்றுதானே நினைத்தாள்! மாமா பலகையை மேசையில் வைத்தார். கட்டை விரல்கள் இரண்டும் பலகையின் ஓரத்தில். மெல்லத் தள்ளினார். வாள் மரத்தைத் தொட்டுக் கிறீச்சிட்டது. மாமா இன்னும் அழுத்தினார்.

'டக்.'

சமீரா பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். வாள் முனகிக்கொண்டே நின்றது. மாமாவின் கட்டை விரலுக்கும் வாளுக்கும் நடுவில் ஒரு நகம் அளவுதான் இடைவெளி.

பூனை மட்டும் 'மியாவ்' என்றது.

"அலமாக், ஐயையோ..." மாமா பலகையோடு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சமீரா எட்டி அவர் காதில் கிசுகிசுத்தாள். "மாமா, இது கறி வெட்டுறதுதானே? நான் யார்கிட்டயும் சொல்லல."

மாமா பலகையைக் கீழே வைத்துவிட்டு, தானே உரக்கச் சொன்னார்.

"மச்சான், டாக்டர், இது உங்க ரெண்டு பேருக்கும் வேணாம். நம்ம கடையில ஆட்டெலும்பு வெட்டின மெஷின். ரெண்டு திருகாணி போட்டா மரத்துக்கும் ஆகும்னு நினைச்சுட்டேன்."

"பாதியைச் சொல்லாம விட்டுட்டீங்களே மச்சான்!" என்றார் அத்தா. அவர் குரல் உயர்ந்து சமீரா கேட்டதே இல்லை. "என் கை போயிருந்தா?"

மாமா தலை குனிந்தார். "போக இருந்தது என் கைதான் மச்சான். அப்பத்தான் உறைச்சுது."

டாக்டர் தன் விரல்களைத் தடவிக்கொண்டார். "என் விரல் போயிருந்தா, கூலாய்ல பாதிப் பேர் பல்வலியோட திரியணும்லா!"

முதலில் சிரித்தது மாமாதான். அத்தா கொஞ்சம் நேரம் கழித்துச் சிரித்தார்.

"சிம்பாங் ரெங்கம்ல கமலநாதன்னு ஒருத்தர் ஒரு மெஷின் வெச்சிருக்கார்" என்றார் டாக்டர். "பழசு, ஆனா தங்கம். என் கொட்டகையில இடம் பத்தாது, அதான் வாங்கல. உங்களுக்குச் சரியா இருக்கும்."

"இப்பவே போலாம்!" மாமா கிளம்பினார். "நானும் வர்றேன். மச்சானுக்கு நான்தான் விலை பேசுவேன்."

கமலநாதன் வைத்திருந்த இயந்திரத்தில் பெயிண்ட் பாதி உரிந்திருந்தது. அத்தா சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். மேசையை இரண்டு கையாலும் தள்ளினார். மலை மாதிரி நின்றது. கமலநாதன், கேட்பதற்கு முன்பே, பலகையை வாங்கி ரெஹால் காலை வெண்ணெய் போல வளைத்து வெட்டிக் கொடுத்தார்.

மாமா பேரத்தைத் தொடங்கினார். "என்ன அண்ணே இது, துருவும் தூசியுமா! பெயிண்ட்கூட இல்லையே. இதுக்குப் போய் இந்த விலையா?"

"பெயிண்ட் இல்லாததுதான் மாமா நல்லது. எல்லாம் வெளியவே தெரியுது" என்றாள் சமீரா.

கமலநாதன் வாய்விட்டுச் சிரித்தார். மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஏ புள்ள! நான் உங்களுக்காகத்தானே பேசறேன்? நீ யார் பக்கம்?"

"அத்தா விரல் பக்கம்" என்றாள் சமீரா.