வலப்பக்கத் துளை

"தண்ணி ஊத்து நஸீஹா, சீக்கிரம்!"

சாயக் கிண்ணத்திலிருந்து மூளைச் சீவலைத் தூரிகையால் அள்ளித் தண்ணீரில் போட்டாள் குமுதா. அப்போதும் அது பழுப்பேறிக்கொண்டே இருந்தது.

பழுப்பே ஏறக் கூடாத சீவல் அது. பயம் வந்தால் சுரக்கும் ஒரு பெப்டைடு, எலி மூளையில் எந்தெந்த நரம்பணுக்களில் இருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் இருவருக்கும் வேலை. அதைத் தேடிப் பிடிக்கும் மருந்தை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இந்த ஒரு சீவலுக்கு மட்டும் ஊற்றவில்லை.

"சாயம் கெட்டுப் போச்சு போலக்கா. நாத்தம் வேற குடலப் புடுங்குது."

நாற்றமா? மதியம் கெண்டீனில் பெலாச்சான் இறால் விழுதை வறுத்தபோது எல்லாரும் தும்மித் தீர்க்க, குமுதாவின் மூக்குக்கு மட்டும் எதுவும் எட்டவில்லை. பினாங்கு மலையிலிருந்து இறங்கிய மழை கண்ணாடியில் அறைய, மூலையில் சீவும் இயந்திரத்தின் பிளேடு ர்ர்ர்ரென்று அதிர்ந்து அதிர்ந்து அடுத்த சீவலைத் தானாகவே நீரில் தள்ளியது.

பழுப்பேறிய சீவலை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள். ஓரத்தில், இடம் வலம் மாறாமலிருக்க வழக்கமாக வலப்பக்கம் குத்தும் ஊசித் துளை. நடுவில், கொத்துக் கொத்தாகப் பழுப்பு அணுக்கள்.

நெஞ்சு திக்கென்றது. கொத்து பெருத்தது.

மூச்சை அடக்கினாள். வெளிறியது.

இடி. சீவல் முழுக்கக் கறுத்தது.

"இது எந்த எலிம்மா?"

நஸீஹா குளிர்பெட்டியைத் திறந்தாள். "எல்லா மூளையும் இங்கயே இருக்குலா! ஒண்ணையும் எடுக்கல."

"அப்ப மெஷின்ல இருக்கறது?"

"நீங்க வச்சதுன்னு நெனச்சேன். காலையில நான் வரும்போதே ஓடிக்கிட்டிருந்துச்சே."

குமுதா வைக்கவில்லை.

மூளையை முன்னாலிருந்துதான் சீவுவார்கள். முதலில் போவது, மோப்பம் பிடிக்கும் பகுதி.

"நிறுத்து! மெஷின நிறுத்து!"

"பிளக்கையே புடுங்கிட்டேன்கா… நிக்க மாட்டேங்குது!"

ர்ர்ர்ர்.

இருட்டு. சட்டென்று.

"கரண்டும் போச்சா?"

"இல்லியேக்கா. லைட்டு எரியுதே."

ர்ர்ர்ர்.

குமுதாவின் கை தானாக வலது காதுக்கு மேலே போனது. முடிக்குள் தடவியது. நின்றது.

ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. ஜில்லென்று கசிந்தது.

பிளேடு பின்பக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மூச்சை நடத்தும் பகுதி கடைசியில்தான் வரும்.