நீலக் கோட்டுக்கு ஒரு குண்டு

கொம்பு ஊதியது.

செத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள்!

மண்ணைத் தட்டினார்கள். தொப்பியைத் தேடினார்கள். ஒருவன் பக்கத்துப் பிணத்துக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். பலகைப் படிகளில் உட்கார்ந்திருந்த கூட்டம் அவித்த வேர்க்கடலையை மடியில் வைத்துக்கொண்டு கைதட்டியது.

ஒரே ஒருவன் மட்டும் எழவில்லை...

நீலக் கோட்டு. கையில் சார்ஜென்ட் பட்டை. மண் அரணுக்கு முன்னால் குப்புறக் கிடந்தான்.

"அந்த சார்ஜென்ட்டைப் பாருங்க, எவ்வளவு தத்ரூபமா கிடக்கறார்." ஒலிபெருக்கியில் விழாக் கமிட்டித் தலைவர் வென்டெல் பூரித்துப்போனார். "அவருக்காக இன்னொரு தடவை பலமா தட்டுங்க."

தட்டினார்கள்.

கோட்டின் அடியிலிருந்து சிவப்பாக ஏதோ புல்லில் கசிந்தது. முன்வரிசையில் ஒரு பெண் அலறினாள்!

ஹார்க்ரோவ் லேண்டிங். மிசிசிப்பி ஆற்றங்கரையில் சின்ன ஊர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கத்திப் படை இந்த ஊரை வளைத்துப் பட்டினி போட்டது. ஊர் அதை இன்னும் மறக்கவில்லை. ஜூலை வந்தால் போதும். பல் டாக்டரும் டிராக்டர் மெக்கானிக்கும் அந்த வெயிலில் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு அந்த முற்றுகையை நடித்துக் காட்ட இறங்கிவிடுவார்கள். தெற்கத்திச் சாம்பல் கோட்டு உள்ளே. வடக்கத்தி நீலக் கோட்டு வெளியே. துப்பாக்கி அசல். வெடிமருந்து அசல். குண்டு மட்டும் கிடையாது.

இன்றைக்கு யாரோ போட்டிருக்கிறார்கள்...

டெபுடி ஷெரிஃப் நொரீன் டால்பெர்ட் குனிந்து கழுத்தைத் தொட்டாள். துடிப்பு இல்லை. முதுகில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆம்புலன்ஸுக்கு இனி அவசரமில்லை. பிணப் பரிசோதகர் வரும்வரை உடலை யாரும் புரட்டக் கூடாது என்றாள். நீலக் கோட்டுக்காரர்களை ஆற்றுப் பக்கம் அனுப்பிவிட்டு வென்டெலைக் கூப்பிட்டாள்.

"யார் இது?"

"கிட்ரெல், மேடம். டெல் கிட்ரெல். இந்தப் பட்டை அவனோடது. பச்சைக் கழுத்துத் துணியும் அவனோடதுதான்."

"இவன் மேல யாருக்காவது பகை?"

"யாருக்கு இல்லைன்னு கேளுங்க. நாலு வருஷம் முன்னாடி குடிச்சுட்டு டிரக் ஓட்டி ஜூன் லாண்ட்ரம்மை அடிச்சுக் கொன்னவன் இவன். ஜெயில்லேர்ந்து வந்து ஆறு மாசம்கூட ஆகல. சாம்பல் பக்கம் யாரும் சேத்துக்கல. அதான் நீலத்துக்குப் போனான்."

"ஜூன்..."

"நம்ம கேப்டன் ராய்ஸோட சம்சாரம்."

"ராய்ஸ் எங்கே?"

வென்டெல் மண் அரணைப் பார்த்தார். அப்புறம் தன் பூட்ஸைப் பார்த்தார்.

ராய்ஸ் லாண்ட்ரம் தனியாக ஒரு மருந்துப் பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தார். சாம்பல் கோட்டு, நரைத்த தாடி, முழங்கால்களுக்கு நடுவே நீளத் துப்பாக்கி. ஓடிப் போகிறவர் முகமாக இல்லை.

"காலையில எல்லாத் துப்பாக்கியையும் சோதிச்சது யாரு, கேப்டன்?"

"நான்தான்."

"உங்களோடத யார் சோதிச்சா?"

ராய்ஸ் துப்பாக்கியை அவளிடம் நீட்டினார்.

நொரீன் அந்தத் துப்பாக்கியை வாங்கி, மருந்து கெட்டிக்கும் கம்பியை உருவினாள். களத்தில் யாரும் அந்தக் கம்பியைத் தொடக் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. இது நுனிவரை கறுத்திருந்தது.

"வெறும் மருந்துக்கு இது எதுக்கு?"

"தேவையில்ல, மேடம். குண்டுக்குத்தான் தேவை." ராய்ஸின் குரல் அமைதியாக இருந்தது. "ஈயத்த நானேதான் உருக்கினேன். கராஜ்ல. ஒண்ணே ஒண்ணு."

"குறி தப்பியிருந்தா?"

"தப்பாதுன்னு தெரியும்."

"வருத்தமில்லையா?"

"நாலு வருஷமா அது ஒண்ணுதான் பட்டுக்கிட்டிருக்கேன்."

கைவிலங்கை எடுத்தாள். ராய்ஸ் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"ஒரே ஒரு உதவி, மேடம். என் பையன் கோல்பி. இதை அவன்கிட்ட நான்தான் சொல்லணும். அவங்கம்மா செத்தத அவன் ஸ்கூல் கேன்டீன்ல டி.வி.ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டான். கையில சாப்பாட்டுத் தட்டோட. அன்னைலேர்ந்து ராத்திரி வீட்டுல எல்லா லைட்டையும் போட்டுட்டுத்தான் படுப்பான். இதையும் எவனோ சொல்லி அவன் கேக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் குடுங்க. அப்புறம் எங்க வேணாலும் கூட்டிக்கிட்டுப் போங்க."

நொரீன் இந்த மனிதர் மேல் கோபப்பட முயன்றாள். வரவில்லை. விலங்கைத் திரும்ப இடுப்பில் செருகினாள்.

"எங்கே இருக்கான்?"

"காயம்பட்ட மாதிரி விழுந்தான். கூடாரத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க. தோள்ல பெரிய ஒட்டு போட்ட கோட்டு. ஜூன் தெச்சது. எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும்."

"கோல்பி லாண்ட்ரம்!" நொரீன் குரல் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிக் கூடாரத்தின் திரை விலகியது.

சாம்பல் கோட்டு. தோளில் ஒட்டு. தலையைச் சுற்றிச் சிவப்புச் சாயக் கட்டு. தயங்கித் தயங்கி நடந்து வந்தான்.

ராய்ஸ் எழுந்தார். "வாப்பா... பக்கத்துல வா. அப்பா ஒண்ணு சொல்லணும்."

அவன் பக்கத்தில் வந்தான். தலைக்கட்டைப் பிரித்தான்.

"நான் டெல், கேப்டன்... டெல் கிட்ரெல்."

ராய்ஸ் கண்களைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தக் கோட்டு உனக்கு எப்படி வந்துச்சு?" நொரீன்தான் கேட்டாள்.

"கோல்பி குடுத்தான், மேடம். அவங்கப்பா ஈயம் உருக்கினதக் கண்டுபிடிச்சுட்டான். சண்டை ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஓடி வந்து, என் கோட்டயும் கழுத்துத் துணியயும் கழட்டுன்னான். ஆள் குறைஞ்சா கோட்டு மாத்திக்கிட்டு அந்தப் பக்கம் போறது இங்க எப்பவும் நடக்கறதுதானே. யாரும் கண்டுக்கல."

"போலீஸ்கிட்ட வந்திருக்கலாமே?"

"சொன்னேன். 'எனக்கு இருக்கறது அப்பா ஒருத்தர்தான், அவரையும் உள்ள அனுப்பச் சொல்றியா'ன்னான்." கிட்ரெலின் உதடு கோணியது. "ஜெயில்ல என்னைப் பாக்க வந்த ஒரே ஆள் அவன், மேடம். என்னால மறுக்க முடியல. 'அப்பா குறி வெச்சா தொப்பியக் கழட்டி ஆட்டுவேன். என்னைப் பாத்ததும் துப்பாக்கியக் கீழ போட்டுருவாரு. அதோட இது முடிஞ்சுரும்'னான்."

"ஆட்டினான்."

ராய்ஸ்தான் சொன்னார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"தொப்பியக் கழட்டி என்னைப் பாத்து ஆட்டினான். கிட்ரெல் என்னைக் கேலி பண்றான்னு நினைச்சேன். அதுவரைக்கும் எனக்கு மனசு வரல, மேடம். அதப் பாத்துத்தான் அழுத்தினேன்."

"முகம் தெரியலையா?" கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்.

"பச்சைத் துணிதான் தெரிஞ்சுது. கண்ணாடி டிரக்ல இருக்கு. அந்தக் காலத்துல இந்த மாதிரி பிரேம் கிடையாது. களத்தைச் சுத்தின கயித்துக்கு இந்தப் பக்கம் யாரும் போடக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தான்."

அவர் நடந்தார். நொரீன் தடுக்கவில்லை. விதிப்படி தடுத்திருக்க வேண்டும்!

ராய்ஸ் புல்லில் மண்டியிட்டார். நீலக் கோட்டை மெதுவாகப் புரட்டினார். மருந்துப் புகையில் கறுத்துப்போயிருந்த முகம், இருபத்தொரு வயது, மீசை இன்னும் சரியாக வரவில்லை. நெற்றியில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துவிட்டார். பிறகு குனிந்து, மகனின் காதில் வாயை வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். ரொம்ப நேரம் சொன்னார். நொரீன் முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். கிட்ரெல் அந்த ஒட்டுப் போட்ட கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான்.

எழுந்தபோது ராய்ஸ் தானாகவே வந்து கைகளை நீட்டினார். நொரீன் விலங்கை மாட்டினாள். காரின் பின்சீட்டில் உட்கார வைத்தாள்.

வென்டெல் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மேடம், கேக்கற நேரமில்லதான்... நாளைக்குப் பத்து மணிக்குக் கடைசிக் காட்சி. கேப்டன் வாளைக் குடுத்து சரணடையணும். ஜாக்சன்லேர்ந்தெல்லாம் பஸ் போட்டு வராங்க. நான் என்னன்னு சொல்றது?"

நொரீன் கார்க் கதவைச் சாத்தினாள்.

"லேட்டா வந்துட்டீங்கன்னு சொல்லுங்க. கேப்டன் இன்னைக்கே சரணடைஞ்சுட்டார்."