கடற்செவி கேட்ட சொல்

சமையல் வேலை முடிந்ததும் கரையில் இருக்கிற பெண்கள் ஒருமுறை வீட்டிலிருக்கும் கடல் வரைபடத் திரையைப் பார்த்துக்கொள்வார்கள். அவரவர் வீட்டுப் படகு அதில் ஒரு பச்சைப் புள்ளி. கரையை ஒட்டிய குறுகலான நீர் விடுகடல். அங்கே வலை போடலாம். அதற்கப்பால் தொடுவானம் வரை காப்புக்கடல். அங்கே மனிதனுக்கு வேலையில்லை. அன்றைக்குப் பிரகாசி வீட்டுப் புள்ளி சிவந்து, எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பிரகாசி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்காணிப்பு நிலையத்துக்கு ஓடினாள்.

“பதறாதீங்க யக்கா,” என்றான் பணியில் இருந்த ஆல்வின். “விடுகடல்லயே எஞ்சின் நின்னுபோச்சு. நீரோட்டம் உள்ள இழுத்துட்டுப் போவுது. படகு ஓட்டை வேற. கடற்செவி மீட்புப்படகை அனுப்பிட்டு.”

கடலுக்கடியில் பரப்பிய ஒலிவாங்கிகளும் அவற்றின் பின்னே இருக்கும் செயற்கை அறிவும் சேர்ந்ததுதான் கடற்செவி. வயர்லெஸ் பேச்சும் அதற்குக் கேட்கும். செத்துக்கிடந்த கடலில் பவளத்தையும் கடல்பசுவையும் மீட்டது அதுதான். இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அதன் சட்டமும் ஊரறிந்தது. தவறி உள்ளே போனவனைத் தூக்கிவரும். மீன் பிடிக்கத் துடுப்புப் போட்டு உள்ளே போனவனை அப்படியே விட்டுவிடும். மற்றப் படகுகள் உதவிக்குப் போகவும் வழியில்லை, எல்லைக்கோட்டைத் தொட்டாலே எஞ்சின் அணைந்து நின்றுவிடும்.

ஆல்வின் வயர்லெஸ்ஸை நீட்டினான்.

“ஏங்க... கேக்குதா?”

“கேக்குது புள்ள.” புருஷன் தொபியாஸின் குரல்தான். உயிரோடு இருக்கிறான்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அந்தச் சந்தோஷத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“பாடு எப்படி?”

“பாடு குறையில்ல.”

அந்தக் கரையில் புருஷன் குரல் கேட்டதும் பெண்டாட்டி கேட்கிற நலவிசாரிப்பு அது. வலை வெறுமையாகக் கிடந்தாலும் பதில் இதுதான். கடலில் நின்றுகொண்டு ‘இல்லை’ என்று யாரும் சொல்லமாட்டார்கள், பலித்துவிடுமாம். பாடு என்றால் பிடிபட்ட மீன் என்பது அப்போது இருவருக்கும் நினைவிலேயே இல்லை. பாழாய்ப்போன கடற்செவிக்கு அது ஒன்றுதான் தெரியும்.

திரையில் நகர்ந்துகொண்டிருந்த மீட்புப்படகு நின்றது. பிறகு வந்த வழியே திரும்பியது. கடற்செவியின் குரல் ஒலித்தது.

“காப்புக்கடலில் மீன் பிடித்ததாக ஒப்புதல் பதிவாகியுள்ளது. மீட்பு ரத்து.”

“அடப் பாவி! நல்லாருக்கீங்களான்னுதான கேட்டேன்! ஒத்த மீன் பிடிக்கல அவரு!” பிரகாசி திரையை ஓங்கி அறைந்தாள். “சொல்லுப்பா ஆல்வினு, அதுகிட்ட!”

“ஒப்புதலுக்குப் பின் வரும் மறுப்பு ஏற்கப்படாது. முறையீட்டு விசாரணை நாளைக் காலை.”

ஆல்வின் எதையெதையோ தட்டிப் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டான். “நாளைக்கு வரைக்கும் படகு தாங்காது யக்கா,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வயர்லெஸ் கரகரத்தது. “ஏ பிரகாசி, மீட்புப்படகு கண்ணுக்குத் தெரிஞ்சுது. இப்பக் காணல. திரும்பிட்டா?”

வாயைத் திறக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“வருதுங்க,” என்றாள்.

“அப்ப சரி. தண்ணி முழங்காலுக்கு ஏறிட்டு. சீக்கிரம் வரச் சொல்லு.”